வனராஜாவைத் தேடிப் போகிறவர்கள் விடும் பிழைகள்

கீரிமலையையே மலை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். போன மாதம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலரோடு வனராஜா ஓர்க்கிட் பார்க்க மலைநாட்டுக் காட்டுக்குப் போனேன். என்னுடைய பழைய பிழைகளை ஒன்றும் விடாமல் திருப்பிச் செய்தார்கள். அட்டைக்கடி, மழைக்கோட்டு, வழுக்காத சப்பாத்து பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒருதரம் போனால் தானாக விளங்கும்.

அண்ணாந்து பார்ப்பது

ஓர்க்கிட் என்றால் மரக்கிளையில்தான் இருக்கும் என்ற நினைப்பு. இது நிழலில், உக்கிய சருகுக்குள் ஊர்ந்து வளர்வது. குனியுங்கள்.

பூவை மட்டும் தேடுவது

பூ சிறியது, வெள்ளை, உதட்டோரம் பிசிறு பிசிறாக இருக்கும். ஆனால் 'காட்டு ராசா' என்ற பெயர், என்னைக் கேட்டால், இலைக்குத்தான் பொருந்தும். கறுத்த வெல்வெட்டில் செம்பொன் நூலால் வலை பின்னினது போல இருக்கும். ஃபிளாஷ் அடித்தால் அந்த மினுக்கம் செத்துவிடும். பக்கவாட்டில் சின்ன டோர்ச் பிடித்தால் போதும்.

வேரோடு கொண்டுவருவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். இறங்கி வரும்போது ஒரு தம்பியின் சொப்பிங் பையுக்குள் ஒரு செடி. கேட்டால், "ஒண்டுதானே அண்ணை" என்கிறான்.

2002இல், போரால் மூடியிருந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்த புதிதில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் பெட்டியைத் திறந்து காட்டிக் கொண்டுவந்து சேர்த்தேன். "உது என்ன கீரையடா?" என்றா அம்மம்மா. மாமரத்தடியில் சாடியில் வைத்து இரண்டு நேரமும் கிணற்றுத்தண்ணி ஊற்றினேன். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை, இலையிலும் படிந்தது. மூன்று கிழமையில் அடித்தண்டு அழுகிப்போனது.

பிழை தண்ணியில்தான் என்று முடிவுகட்டி, அடுத்த செடிக்கு மழைத்தண்ணி பிடிக்கத் திட்டம் போட்டேன் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். ஓர்க்கிட் விதை தூசு போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். அந்தச் சருகும் குளிரும் ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்ததுதான் செடி. நான் கொண்டுவந்தது அதன் ஒரு துண்டு. போதாததற்கு, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட இனம். பிடுங்குவது குற்றம்.

தம்பியைத் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். பிழைக்கும் என்று அவன் நம்புகிறான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இடத்தைச் சொல்வது

வேண்டாம். படத்திலுள்ள ஜிபிஎஸ் விவரத்தையும் அழித்துவிடுங்கள்.

வளர்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு

நேர்சரியில் பதிவைத்த லுடீசியா வாங்குங்கள். இதே குடும்பம், இதே மாதிரிக் கறுத்த இலையில் சிவப்பு நரம்பு. அதற்கு மழைத்தண்ணியை ஊற்றுங்கள்.