திடீர்ப் படபடப்பை வேகசு நரம்பின் துணையோடு தணிக்கும் முறை

இதயம் தன் சொந்த மின்கணுவால் துடித்தாலும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது தன்னாட்சி நரம்புத்தொகுதியே. பரிவு நரம்புகள் துடிப்பை விரைவுபடுத்த, மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகசு நரம்பு அசற்றைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து அதைத் தணிக்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கணுவின் ஊடாக மின்துடிப்பு வட்டமாகச் சுழல்வதால் திடீரெனத் தொடங்கும் சீரான, மிக விரைவான படபடப்பை, அந்நரம்பைத் தூண்டிப் பல வேளைகளில் நிறுத்திவிடலாம்.

ஈ.சி.ஜி. எடுத்து இவ்வகைப் படபடப்பு என உறுதியாகி, வைத்தியரும் அனுமதித்தவர்களுக்கே இம்முறை உரியது. கட்டிலில் சாய்ந்திருந்து, ஊசி பொருத்தாத 10 மில்லிலீற்றர் சிறிஞ்சின் நுனியை வாயில் வைத்து, உள்தண்டு சற்றே அசையும் அளவு விசையுடன் 15 செக்கன் விடாமல் ஊதவேண்டும். புதிய சிறிஞ்சின் தண்டு இறுக்கமாக இருக்குமாதலால், முதலில் ஒருதரம் இழுத்துத் தள்ளி இளக்கிக்கொள்க. ஊதி முடித்த உடனேயே மல்லாந்து படுக்க, உடனிருப்பவர் இரு கால்களையும் 45 பாகைக்கு உயர்த்தி 15 செக்கன் பிடிக்கவேண்டும். பின் மீண்டும் சாய்ந்திருந்து ஒரு நிமிடம் கழிய நாடியைப் பார்க்கலாம். காலை உயர்த்துவதைத் தவறவிடக்கூடாது. 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், சாய்ந்திருந்து ஊதியதோடு நின்றவர்களில் 17 வீதமானோருக்கே துடிப்பு சீராக, காலையும் உயர்த்தியவர்களில் 43 வீதமானோருக்குச் சீரானது.

கழுத்து நாடியை வீட்டில் அமுக்கவே வேண்டாம். அங்கு கொழுப்புப் படிந்திருந்தால் பாரிசவாதம் ஏற்படக்கூடும். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஏதேனும் இருந்தால் இம்முயற்சியில் நேரத்தைச் செலவிடாது, 1990ஐ அழைத்து இலவச நோயாளர் காவுவண்டியில் யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ செல்லவேண்டும். படபடப்பு அடங்காதவர்களுக்கு அங்கு பெரும்பாலும் அடினோசின் ஊசி ஏற்றுவர். தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அம்மருந்தின் வேலையைத் தடுப்பதால், தெம்புக்கென்று நம் வீடுகளில் அன்போடு நீட்டும் தேத்தண்ணீரை அவ்வேளையில் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே குடித்திருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுக.

நாடி ஒழுங்கற்று, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மாறி மாறி வந்தால், அது இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை நடுக்கமாக இருக்கலாம்; அதை இம்முறை நிறுத்தாது. எனினும் அது எப்போது தொடங்கியதெனக் குறித்துவைப்பது மிகவும் பயனுள்ளது. உறக்கத்திலோ வயிறுமுட்ட உண்டபின்போ தொடங்குவது வேகசு நரம்பின் மிகுதியையும், ஓட்டத்திலோ பதற்றத்திலோ தொடங்குவது பரிவு நரம்பின் மிகுதியையும் சுட்டக்கூடும். பின்னதற்கு ஏற்ற, பரிவு நரம்பின் தூண்டலைத் தடுக்கும் பீற்றா தடுப்பு மாத்திரைகள் முன்னதற்குப் பொருந்தாமற் போகலாமாதலால், அந்தக் குறிப்பைக் கிளினிக் கொப்பியுடன் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள்.