கல்லடியில் மீன் பாடுவதைக் கேட்க

இலங்கையின் மட்டக்களப்பு வாவியில் இரவில் நீருக்குள்ளிருந்து எழும் ஒலியைத்தான் 'மீன் பாடுகிறது' என்கிறார்கள். அங்கே போய், வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, "மீன் பாடவே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பாலத்தின் மேல் நின்றால் கேட்காது. நீருக்குள் எழும் ஒலியில் பெரும்பங்கு மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். தோணியில் இறங்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளே பொருத்தம். மாரியில் வெள்ளம் வாவிக்குள் இறங்கி நீர் கலங்கிவிடும். நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறைக்கு வருகிறவர்கள் இதை நம்பி வர வேண்டாம். பௌர்ணமி இலங்கையில் போயா விடுமுறை என்பதால் கொழும்பு ரயிலில் இருக்கை முன்கூட்டியே முடிந்துவிடும். தங்குமிடத்தைக் கல்லடிப் பக்கமே எடுங்கள், இரவில் நடந்தே திரும்பலாம்.

பகலிலேயே மீனவர் ஒருவரிடம் பேசி நேரத்தையும் கூலியையும் முடிவு செய்யுங்கள். இயந்திரப் படகு வேண்டாம், துடுப்புத் தோணி கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை அண்டி, காற்று அடங்கிய பின் தோணியை நிறுத்தச் சொல்லுங்கள். மரத் துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் இறக்கி, பிடியின் நுனியைக் காதோடு அழுத்துங்கள். துடுப்பு தோணி விளிம்பில் முட்டக் கூடாது. முட்டினால் அலை தட்டும் சத்தம்தான் கேட்கும். அடிச் சேற்றிலும் ஊன்றாதீர்கள். பத்து நிமிடமாவது பேச்சில்லாமல் இருங்கள். ஒன்றும் இல்லையென்றால் சற்றுத் தள்ளிப் போய் மறுபடி பாருங்கள், ஒலி எல்லா இடத்திலும் ஒன்றுபோல வராது.

இராகம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழுமே, அந்த மாதிரி மெல்லிய அதிர்வுகள், பல சேர்ந்து. 1848இல் இங்கே கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டும் அப்படித்தான் எழுதிவைத்தார்.

பாடுவது யார்? இடுப்புக்கு மேல் பெண்ணும் கீழே மீனுமான மீன்மகள் என்பது ஊர் வழக்கு. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயரும் இந்தப் பாட்டால் வந்ததுதான். டெனன்டிடம் பேசிய மீனவர்களோ ஊரியைக் காட்டினார்கள், ஓட்டுக்குள் வாழும் அந்தச் சிறு உயிர் குளறுகிறது என்று. பின்னாளில் யேசு சபைப் பாதிரியார் லாங் இதைப் பதிவு செய்து, இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. பாடுவது மீனா, ஊரியா, பாறையில் மோதும் நீரோட்டமா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு மீன்மகள், ஊரி என்ற இரண்டு கதையையும் தோணி ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு வாய் திறக்க முடியாது.

வாவியில் முதலை உண்டு. துடுப்பை முறைவைத்துக் கொடுக்கும்போது பிள்ளைகள் கையை நீருக்குள் விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.