‘ஒன்னுமில்ல’ என்று சொல்லும் பெரியவர்களிடம் பேசுவது எப்படி? பராமரிப்பு வேலைக்குப் புதியவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தூக்கி உட்காரவைப்பது, பெம்பர்ஸ் மாற்றுவது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) அளவு பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பேசுவதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழ்தானே, பேசத் தெரியாதா என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் ஒரு நாள், “பாட்டி எதுவுமே சொல்லலைக்கா, இன்னைக்குப் பார்த்தா கால்ல புண் இவ்வளவு பெருசா இருக்கு” என்று வந்து நிற்பார்கள்.

சம்பளத்துக்குப் பார்ப்பவர்களுக்கும் சொந்த மாமியாரைப் பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகப் பழகுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒரு விஷயம். நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். நாள் கூலி. படுத்துவிட்டால் அன்றைய காசு போச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) பார்த்துவிட்டு ‘வேலைக்குப் போகலாம்’ என்றால் போயே ஆக வேண்டும். வலியை வெளியே சொல்லாமல் வேலைக்குப் போனவர்கள் இன்றைக்கு எண்பதைத் தாண்டி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மகனோடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் “வலிக்குதா?” என்று கேட்டால் “ஒன்னுமில்லம்மா” என்றுதான் வரும். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கம் அது. நாம் கேட்கும் விதத்தை மாற்றினால் பதிலும் மாறும்.

படி 1: வாயைத் திறக்குமுன் இடத்தைச் சரிசெய்யுங்கள்

டிவியை அணையுங்கள். மின்னல் எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தால் குறையுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் குறையுங்கள், அது அவர் வீடு. வாசலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, கை எட்டும் தூரத்தில், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துவிட்டால் முக்கியமான பேச்சைத் தள்ளிப்போடுவதே நல்லது.

படி 2: கத்தாதீர்கள்

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர் சுருதி ஒலிகளை. ச, த, க போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த உயர் சுருதிதான். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை மட்டும் நன்றாகக் கேட்கும். ஆகவே ‘பால்’, ‘கால்’ இரண்டுமே அவருக்கு ‘ஆல்’ என்றுதான் விழும். “பால் குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் “கால் இப்போ தேவலாம்” என்று பதில் வரும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் “புத்தி பிசகிடுச்சு” என்று முடிவே கட்டிவிடுவார்கள். பாவம், காதில் விழுந்ததற்குச் சரியான பதிலைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி தெளிவாகாது. போதாததற்கு, கத்துகிற முகம் கோபமான முகமாகவும் தெரியும். இப்படிச் செய்யுங்கள்:

குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்: “பாட்டி, குடிக்கிறதுக்கு… பால் வேணுமா?” இரண்டாம் தடவையும் கேட்கவில்லையென்றால் அதே சொல்லையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சொல்லை மாற்றுங்கள். “மைலோ கலக்கட்டுமா?” எளிதாகக் கேட்கும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். கிளினிக்குக் கூட்டிப் போகும்போது காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: ‘ஆமா’, ‘இல்ல’ என்று முடிக்க முடியாத கேள்வியைக் கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“பசியாறியாச்சா?” என்பது நம் ஊரில் வணக்கம் சொல்வது போலத்தான். “ஆச்சு” என்பது மரியாதைக்குச் சொல்லும் பதில். அதை நம்பி “காலையில் சாப்பிட்டார்” என்று நோட்டில் எழுதாதீர்கள். “காலையில என்ன பசியாறினீங்க, ரொட்டியா தோசையா?” என்று கேளுங்கள். சாப்பிட்டவர் உடனே சொல்வார். சாப்பிடாதவர் கொஞ்சம் யோசிப்பார். அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வலி விஷயமும் இப்படித்தான். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, உடல்சூடு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் குறிக்கும் முறையை மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல் அரசாங்க மருத்துவமனைகளில் தொடங்கியது. அதனால் “பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?” என்று மிஸ்ஸி (நர்ஸ்) கேட்பார். நல்ல முறைதான். ஆனால் பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு பாட்டியிடம் அந்தக் கேள்வியை அப்படியே போட்டால் மிஸ்ஸி மனம் கோணாமல் இருக்க “ரெண்டு” என்பார். நீங்கள் வீட்டில் செயலை வைத்துக் கேளுங்கள்:

“பாட்டி, ராத்திரி கக்கூஸுக்கு எழுந்து போறப்போ எதைப் புடிச்சுக்கிட்டுப் போவீங்க?”

“செவத்தைத்தான்.”

“எப்பவுமேவா?”

“இல்ல, முந்தாநாள்லேருந்து.”

“எந்தக் கால் ஊன்ற முடியல?”

“ஊன்ற முடியுது… இடது காலை மெதுவாத்தான் வைக்கிறேன். ஒன்னுமில்ல.”

கடைசியில் அந்த ‘ஒன்னுமில்ல’ வந்தேவிட்டது, பாருங்கள். அதற்குள் நமக்கு எந்தக் கால், எந்த நாளிலிருந்து, எவ்வளவு சிரமம் என்று மூன்றும் கிடைத்துவிட்டன. இனிப்புநீர் உள்ளவராக இருந்தால் அன்றைக்கே காலுறையைக் கழற்றி, பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். இனிப்புநீர் நரம்பைக் கெடுத்துவிட்டால் புண் இருந்தும் வலி தெரியாது. அப்போது அவர் சொல்லும் ‘ஒன்னுமில்ல’ உண்மையாகவே அவர் உணர்வதுதான்.

பழக இன்னும் சில:

“தூக்கம் வந்ததா?” வேண்டாம். “எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு?” என்று கேளுங்கள்.

“மாத்திரை போட்டீங்களா?” வேண்டாம். டப்பாவைக் கையில் எடுத்து, “புதன்கிழமை அறையில இன்னும் ரெண்டு இருக்கு தாத்தா, இதை எப்போ போடலாம்?” என்று கேளுங்கள். குற்றம் சாட்டியதாக இருக்காது, பொய் சொல்ல வேண்டிய நெருக்கடியும் அவருக்கு வராது.

“ஏன் சாப்பிடல?” வேண்டவே வேண்டாம். ‘ஏன்’ என்று தொடங்கினாலே கங்காணி வந்து நிற்பதுபோல் இருக்கும் அவர்களுக்கு.

படி 4: கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

பதில் வருவதற்குள் நாமே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். வயதானவர்களுக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதிலாக வெளியே வரச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்கும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதலில் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களிடம் இது இன்னும் முக்கியம். பெரும்பாலானோருக்கு மொழியைக் கவனிக்கும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால் சொல் வாய்க்கு வராது. நினைப்பு தெளிவாகவே இருக்கலாம். இவர்களிடம் மட்டும் படி 3-ஐ மறந்துவிட்டு, தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள். பொருளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். அவர் சொல்லத் திணறும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். கூட இருப்பவர்களிடம் “இவருக்கு எதுவும் புரியாது” என்று அவர் முன்னாலேயே சொல்லாதீர்கள்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரென நாக்கு குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். 999-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் டாக்டர் முதலில் கேட்பதே அந்த நேரத்தைத்தான். “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

படி 5: தொடுமுன் சொல்லுங்கள், குழந்தையாக்காதீர்கள்

“இப்போ சட்டைப் பட்டனைக் கழட்டப் போறேன் தாத்தா.” “தண்ணி கொஞ்சம் சூடா இருக்கும்.” ஒவ்வொரு தடவையும் இப்படிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குளிக்க மறுப்பவரிடம் “குளிக்கலாமா?” என்று கேட்டால் “வேணாம்” என்பார். “இப்போ குளிக்கிறீங்களா, தேத்தண்ணி குடிச்சிட்டா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பாட்டியைக் குளிப்பாட்ட ஆண் போக வேண்டிய நிலை வந்தால் பாட்டியிடம் நேராகக் கேளுங்கள், மகளிடம் கேட்டால் போதாது.

“என் செல்லம் இல்ல, ஆ காட்டு” என்று கொஞ்சுவது அன்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்காவின் கன்சாஸில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையிடம் பேசுவது போலப் பேசும்போது பெரியவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது கூடுவதாகக் கண்டார்கள். ‘பாட்டி’, ‘தாத்தா’, ‘அம்மா’, ‘ஐயா’, இவற்றில் எது பிடிக்கும் என்று அவரையே கேட்டுவிடுங்கள். ‘நீங்க’ என்பது எப்போதும் இருக்கட்டும்.

படி 6: பழைய காலத்துக்குப் போய்விட்டவரோடு

மறதி நோய் உள்ள தாத்தா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, பால்கத்தி எங்கே?” என்பார். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது. “தோட்டமெல்லாம் செம்பனை ஆகி எவ்வளவு காலமாச்சு தாத்தா” என்று திருத்தினால் சண்டைதான் வரும். “ஞாபகம் இருக்கா?” என்ற கேள்வியும் பரீட்சை மாதிரி ஆகிவிடும். சிலர் “இன்னைக்கு மழை, வேலை இல்ல” என்று சமாளிப்பார்கள். நிஜமாகவே மழை பெய்தால் சொல்லலாம், ஈர மரத்தை வெட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வானம் வெளுத்திருக்கும்போது சொன்னால் அவர் ஜன்னல் வழியே பார்த்துவிடுவார். நான் அந்த வேலையைப் பற்றியே கேட்கச் சொல்வேன்: “உங்க நிரையில எத்தனை மரம் தாத்தா?” “யார் கூடப் போவீங்க?” பேசப் பேசப் படபடப்பு இறங்கும். அதற்குள் ஒரு கோப்பி வந்துவிட வேண்டும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 1948 ஜூனில் நம் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் சுடப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் இருந்த அந்த நாட்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இவர்கள். ஒரு பாட்டி பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டச் சொன்னால், சோற்றை அலமாரியில் ஒளித்துவைத்தால், திட்டாதீர்கள். “கதவைப் பூட்டிட்டேன், நீங்களே வந்து பாருங்க” என்று கூட்டிப் போய்க் காட்டுங்கள். சோற்றை மட்டும் கெட்டுப்போகுமுன் எடுத்துவிடுங்கள்.

படி 7: கிளினிக்கில் நான்கு வரி

வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனதும் கதை சொல்லத் தொடங்கினால் டாக்டருக்குப் பிடிகிடைக்காது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. முந்தின இரவே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

“மூன்று நாளாக இடது காலை ஊன்றி நடக்கவில்லை. இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு, மருந்துப் பட்டியல் இதோ. சுண்டுவிரல் ஓரம் சிவந்திருக்கிறது, புண் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். காலைப் பார்த்து, வீட்டில் எப்படிக் கழுவிக் கட்டுவது என்று சொல்ல வேண்டும்.”

டாக்டர் மலாயில் கேட்டால் மலாயில் சொல்லுங்கள். ஆனால் பாட்டிக்காக நீங்களே பதில் சொல்லிவிடாமல், கேள்வியை அவரிடம் தமிழில் சொல்லி, அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். ‘மயக்கம்’ என்று மொத்தமாகச் சொல்ல வேண்டாம். தலை சுற்றியதா, நினைவு தப்பி விழுந்தாரா என்று பிரித்துச் சொல்லுங்கள். கிளம்புமுன், “மிஸ்ஸி, நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று ஒரு தடவை ஒப்பித்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 8: வீட்டாரிடம்

பெரியவரிடம் பேசுவதைவிட இதுதான் கஷ்டம். ஒரு பிள்ளை சிங்கப்பூரில், ஒன்று ஷா ஆலாமில், பார்த்துக்கொள்வது மட்டும் ஒருவர். “எல்லாம் நானே பார்க்கிறேன்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடும் கை படம் பத்து வரும், ஆள் வராது. புலம்பலைத் தனியாக யாரிடமாவது கொட்டிவிடுங்கள். குழுவில் ஆள், நாள், வேலை மூன்றும் இருக்கட்டும்:

“அண்ணா, அம்மாவுக்கு வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கால் பார்க்கிறார்கள். காரில் கூட்டிப் போக நீங்கள் வர முடியுமா? முடியாது என்றால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், நான் வாடகைக் கார் பிடித்துவிடுவேன், காசை நீங்கள் போட்டுவிடுங்கள்.”