பழைய டிராக்டருக்கு எந்தப் பிளேடு? இட்டேரியைச் சமன் செய்யப் போகிறவர்களுக்கு

தோட்டத்து மண் பாதையான இட்டேரியைச் சமன் செய்ய, டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணை வழிக்கும் பிளேடு கேட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது டிராக்டரின் எச்.பி.யைத்தான். மண் வழிப்பதற்கு அது கடைசியில் பார்க்க வேண்டிய கணக்கு. டிராக்டர் என்ன எடை, அதில் பின் சக்கரங்களில் எவ்வளவு இறங்குகிறது, பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், தூக்கிய பளுவைத் தாங்கி நிற்கிறதா என்பவைதான் எனக்கு வேண்டும்.

எங்கள் காங்கேயம் பக்கம் இன்னும் ஏராளமாக ஓடும் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,700 கிலோ எடை. அதில் ஆயிரத்துச் சொச்சம் கிலோ பின் சக்கரங்களில் இருக்கும். இறுகிய மண்ணில் அந்தப் பின் எடையில் பாதியளவுக்கே இழுவை கிடைக்கும். அதற்கு மேல் இன்ஜினில் பலம் இருந்தாலும் டயர் சுற்றுமே தவிர மண் நகராது. எனவே முதல் செலவு தண்ணீர். வால்வு உச்சியில் நிற்கும்படி பின் சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காற்று. இரண்டு டயருக்கும் இதைச் செய்தால், காசில்லாமல் எடை கூடிவிடும்.

அடுத்து லிஃப்ட். பிளேடையோ கல்ட்டிவேட்டரையோ முழு உயரத்துக்குத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு டீ குடித்து வருவதற்குள் அது தரைக்கு வந்துவிட்டால் உள்ளே எண்ணெய் கசிகிறது. முதலில் சிலிண்டர் சீலைப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் பிளேடு வாங்கினால் பாதை அலையலையாகத்தான் வரும். பழைய மாஸியில் இன்னொரு குணம் உண்டு. ஹைட்ராலிக் பம்பு பி.டி.ஓ. தண்டில், அதாவது பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டில், ஓடுகிறது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும்; பிளேடு தூக்காது. பாறை தட்டும்போது பதறிக் கிளட்சை மிதிப்பதற்கு முன் லீவரைத் தூக்கிவிடப் பழக வேண்டும்.

இனி பிளேடின் அகலம். ஒரு முனை முன்னேயும் மறு முனை பின்னேயும் இருக்கும்படி சாய்த்து வைக்காத பிளேடு மண்ணை முன்னால் குவிக்குமே ஒழிய ஓரத்துக்குத் தள்ளாது. 30 டிகிரி சாய்த்தால் அகலத்தை 0.87-ஆல் பெருக்க வேண்டும்: 6 அடிப் பிளேடு 5.2 அடிக்கும், 7 அடிப் பிளேடு 6 அடிக்குச் சற்று மேலும் வழிக்கும். பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். அந்த அளவு ஐந்தரை அடி என்றால், 6 அடிப் பிளேடு டயர்த் தடத்தை விட்டுவிட்டுப் போகும். உடனே 7 அடிக்குத் தாவ வேண்டாம். ரிம்மைத் திருப்பி மாட்டி அகலத்தை 5 அடிக்குக் கொண்டுவர முடிந்தால் 6 அடியே போதும். சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த எங்கள் சுக்காங்கல் மண்ணில் 35 எச்.பி. வண்டிக்கு அதுதான் அளவு. ஓடைக்கரை போன்ற சரிவில் ஓட்டுகிறவர்கள் மட்டும் சக்கர அகலத்தைக் குறுக்க வேண்டாம், வண்டி கவிழும்.

பிளேடு கனமாக இருக்க வேண்டும். லிஃப்ட் மேலே தூக்கும், கீழே அழுத்தாது. பிளேடு தன் எடையால்தான் மண்ணைக் கடிக்கிறது. தகரம் போன்ற மலிவுப் பிளேடு இறுகிய பாதையில் வழுக்கிக்கொண்டே போகும். 6 அடிக்கு 200 கிலோவாவது இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்த எடை முன் சக்கரங்களைத் தூக்கிவிடக் கூடாது. பிளேடைத் தூக்கிய நிலையில் முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 340 கிலோ, அங்கே காட்ட வேண்டும். குறைந்தால் முன்னால் எடைக்கட்டி போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால், பிளேடை வண்டியோடு கோக்கும் பின்களின் தடிமனைக் கவனியுங்கள். இந்த வண்டிகளில் லோயர் லிங்க் (கீழே இருக்கும் இரண்டு தூக்கும் கைகள்) பின் 22 மி.மீ., டாப் லிங்க் (மேலே நடுவில் இருக்கும் கை) பின் 19 மி.மீ. பெரிய வண்டிக்குச் செய்த பிளேடில் 28-ம் 25-ம் இருக்கும். புஷ் போட்டு மாட்டிவிடலாம் என்பார்கள். மாட்டலாம்தான், ஆனால் அந்தப் பிளேடின் எடையும் அந்தப் பெரிய வண்டிக்கானதே.

ஓட்டும்போது, கருவியை வைத்த உயரத்திலேயே பிடித்திருக்கும் பொசிஷன் கன்ட்ரோலில் மட்டும் ஓட்டுங்கள். டிராஃப்ட் கன்ட்ரோல் உழவுக்கு நல்லது. மண் கெட்டியானதும் கலப்பையைத் தானாகத் தூக்கிவிடும். பாதையில் அதே வேலையைச் செய்தால் மேடு அப்படியே நிற்கும். லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இறுக்கிவிடுங்கள். சாய்ந்த பிளேடு பக்கவாட்டில் இழுக்கும். டாப் லிங்கை நீட்டினால் பிளேடின் தலை பின்னால் சாய்ந்து, முனை உளிபோல் இறங்கும். குறுக்கினால் தலை முன்னால் வந்து மண்ணைப் பரப்பும். வெட்டும்போது நீட்டுங்கள், கடைசி ஓட்டத்தில் குறுக்குங்கள். வலது பக்க லெவலிங் கைப்பிடியைச் சுற்றி ஒரு முனையைத் தாழ்த்தி, இரு ஓரங்களிலிருந்தும் மண்ணை நடுவுக்கு ஏற்றுங்கள். 3 மீட்டர் பாதைக்கு நடுவில் 6 செ.மீ. உயரம் போதும், தண்ணீர் இரு பக்கமும் வடியும். ரிவர்ஸில் மட்டும் மண்ணைத் தள்ளாதீர்கள், பிளேடின் திருப்புப் பின் வளைந்துவிடும்.

காய்ந்த பாதையைப் பிளேடால் சுரண்டுவது வீண் டீசல். மழை பெய்து, மண் கையில் ஒட்டாமல் உருண்டை பிடிக்கும் பதத்தில், முதலில் கல்ட்டிவேட்டரை விட்டுக் கிளறுங்கள். ஒன்பது கொழுவும் இழுக்கவில்லை என்றால் நாலைக் கழற்றிவிட்டு ஐந்தில் ஓட்டுங்கள். அதன் பிறகு பிளேடைக் கட்டி, குறைந்த கியரில் நடைவேகத்தில் போங்கள். வேகம் கூடினால் வண்டி துள்ளும், துள்ளல் பாதையில் பதியும்.

லிஃப்ட் கிழண்டு போய், சரிசெய்யப் பணமும் இல்லை என்பவர்களுக்குப் பிளேடே வேண்டாம். இரண்டு பக்கமும் தரையில் சறுக்கும் நீளப் பட்டை, நடுவில் இரண்டு குறுக்கு வெட்டுத் தகடு வைத்த சட்டம் ஒன்றை வெல்டிங் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் பட்டைகளே பிடித்துக்கொள்ளும். லிஃப்ட் இறங்கினாலும் கவலையில்லை. சாய்க்க வேண்டாதது என்பதால், அகலம் டயர்களை மூடினால் போதும். பள்ளம் விழுந்த பாதையை இது புதிதாக உருவாக்காது, ஓரக் கால்வாயும் எடுக்காது. ஏற்கனவே உருவான பாதையை வருடா வருடம் பராமரிக்க, பிளேடை விட நான் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.