பாடம் ஒன்று, வேலை மூன்று: ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அன்றிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்ற பெயர்கள் எல்லா டீச்சர்கள் வாயிலும் புழங்குகின்றன. பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிப்பது இப்போது யாருக்கும் புதிதில்லை. பிரித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். மலருக்கு ஒரு பாடம், அரும்புக்கு வேறு பாடம் என்று ஒரே அறைக்குள் மூன்று பள்ளிக்கூடம் நடத்தப் பார்த்தால் டீச்சருக்கு மூச்சு வாங்கும். பிள்ளைகளுக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போய்விடும். அதனால் நான் பாடத்தைப் பிரிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பொருள். செய்யும் வேலை மட்டும் மூன்று விதம்.

எங்களுடையது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் என்னிடம், ஒரே அறையில். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள், ஹட்டி என்னும் படுகர் ஊரிலிருந்து நடந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள், தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன். அவனைத் தமிழ் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டத் திணறுவான். மனக்கணக்கில் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனை எந்தக் குழுவில் உட்கார வைப்பது?

தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. அவ்வளவுதான். ஒரு பாடத்தில் அரும்பாக இருக்கும் பிள்ளையை எல்லாப் பாடத்துக்கும் அதே மூலையில் உட்கார வைத்தால், அது ஒரே மாதத்தில் தன்னை மக்கு என்று முடிவு கட்டிவிடும். குழுப் பட்டியலைப் பென்சிலில் எழுதுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழித்து எழுதுங்கள். அரும்பு, மொட்டு, மலர் குழுக்களுக்கு நான் வைத்த பெயர் முறையே ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், பீரோ பக்கம். 'நீ அரும்புதானே' என்று பிள்ளைகள் கேலி செய்வதைக் கேட்ட பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களைப் பதிவேட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

நிலை பார்ப்பது எப்படி?

பெரிய தேர்வு வேண்டாம். ஒரு கணக்கு போதும், ஆனால் விடையை மட்டும் பார்க்காதீர்கள், விடை வந்த வழியைப் பாருங்கள். 42இல் 17 போக மீதி எவ்வளவு என்று கேட்டேன் என்று வையுங்கள். ஒரு பிள்ளை 35 என்று எழுதும். 2இல் 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5, நான்கில் ஒன்று போக 3. இதற்குக் கழிக்கத் தெரியும், ஒரு பத்தை உடைக்கலாம் என்பதுதான் தெரியாது. இன்னொரு பிள்ளை 25 என்று சரியாக எழுதியிருக்கும். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் 42 கோடு போட்டு 17 கோட்டை அடித்திருக்கும். மூன்றாவது பிள்ளை, 42இல் 20 போக 22, கூட எடுத்துவிட்ட மூன்றைத் திருப்பிச் சேர்த்தால் 25 என்று வாயாலேயே சொல்லிவிடும். பதிவேட்டில் முதல் பிள்ளைக்குத் தவறு, மற்ற இரண்டுக்கும் சரி. ஆனால் முதலிரண்டு பிள்ளைகளுக்கும் தேவை ஒன்றுதான்: பத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும்.

கணக்கு: இலைக் கணக்கு

எங்கள் ஊரில் கணக்குக்குப் பஞ்சமில்லை. தேயிலை எடை போடாத வீடே கிடையாது. கரும்பலகையில் இப்படி எழுதுவேன்: காலையில் 17 கிலோ, மாலையில் 14 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிவு. மீதி எவ்வளவு?

ஜன்னல் பக்கத்துக்குக் கற்பூர மரக் காய்களும் காலித் தீப்பெட்டிகளும். தைல மரத்தைத்தான் எங்கள் பக்கம் கற்பூர மரம் என்போம். மரத்தடியில் காய் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கும், மணிச்சட்டத்துக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பெட்டிக்குப் பத்துக் காய். 17 என்றால் ஒரு பெட்டி, ஏழு உதிரி. 14 என்றால் ஒரு பெட்டி, நான்கு உதிரி. உதிரி பதினொன்றானதும் பத்தைப் பெட்டியில் போட்டு மூட வேண்டும். மூன்று பெட்டி, ஓர் உதிரி. இப்போது 2 கழிக்க வேண்டும், வெளியில் இருப்பதோ ஒன்றே ஒன்று. பிள்ளை கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது வாயைத் திறக்காதீர்கள். பெட்டியைத் திறக்கலாமா என்று அதுவே கேட்கட்டும். கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் வருடக்கணக்கில் சொல்வது அந்தப் பெட்டி திறக்கும்போதுதான் புரிகிறது.

கதவுப் பக்கம் இதே கணக்கை நோட்டில் போடும். கூடவே இன்னும் இரண்டு நாள் எடைகளைக் கொடுத்து, எந்த நாள் அதிகம், எவ்வளவு அதிகம் என்று கேட்பேன். பீரோ பக்கத்துக்கு விலை சேரும். சிறு விவசாயிகள் இலையைக் கிலோ விலைக்குத்தானே கொடுக்கிறார்கள்? கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 29 கிலோவுக்கு 580 ரூபாய். கழிவே இல்லையென்றால் 620. ஒரு நாளைக்கு 40 ரூபாய் வித்தியாசம் என்றால், மாதம் 25 நாள் இலை கொடுக்கிற வீட்டுக்கு எவ்வளவு? ஆயிரம் ரூபாய் என்று விடை வந்ததும் அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு எழும். மறுநாள் வீட்டிலிருந்து உண்மையான எடைச் சீட்டோடு வந்து நிற்பார்கள். அடுத்த பாடத்துக்கு நான் எதுவும் தயாரிக்கத் தேவையில்லை.

கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். இதை விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். செய்ததைச் சொல்லும் வரிசை எப்போதும் ஜன்னல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். கெட்டிக்காரர்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தவிர, பீரோ பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 'கடன்' ஏன் வாங்குகிறோம் என்று சொல்லத் தெரியாது. பெட்டி திறப்பதை அவர்களும் வாய் பிளந்துதான் பார்ப்பார்கள்.

சூழ்நிலையியல்: மழை அளப்பது

எங்கள் பக்கம் பெரிய மழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவக்காற்றோடு. அப்போது இதைச் செய்யலாம். மழைமானியைப் பாட்டிலை வெட்டிச் செய்யச் சொல்வார்கள். நீலகிரியில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதைத் தேடி அலையாதீர்கள். சுவர் நேராக, அடி தட்டையாக இருக்கும் எவர்சில்வர் சம்படம் ஒன்று போதும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், சாயாதபடி சுற்றிலும் கல் வைத்து நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அளக்க இரும்பு ஸ்கேல்தான் நல்லது. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அளவு குறைந்துவிடும்.

ஒரு குழு, அன்றைய அளவுக்குக் கட்டம் போட்ட தாளில் நிறம் தீட்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர். அடுத்த குழு எண்ணை எழுதி, நேற்றைவிடக் கூடவா குறைவா என்று ஒரு வாக்கியம் எழுதும். மூன்றாவது குழு வார மொத்தத்தைக் கூட்டும். அதற்கு நான் ஒரு கேள்வியும் வைப்பேன்: ஜூலையில் மலைக்கு மேற்கே உள்ள கூடலூரில் மழை கொட்டும்போது இங்கே ஏன் அவ்வளவு பெய்வதில்லை? தென்மேற்கிலிருந்து வரும் காற்றை மலை தடுப்பதைப் படமாக வரைந்து காட்ட வேண்டும். ஈரமணலில் மலை கட்டி, எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் கோத்தகிரி என்று குச்சி நட்டு விளக்கினாலும் சரி.

தமிழ், ஆங்கிலம்

தமிழுக்கு நானே ஐந்து வாக்கியத்தில் ஒரு பத்தி எழுதிக்கொள்வேன். வரையாடு நல்ல பொருள்: நம் மாநில விலங்கு, உயரமான புல்வெளியிலும் பாறைச் சரிவிலும் வாழ்வது. பத்தியை முதலில் நான் நடித்துக்கொண்டே வாசிப்பேன். பிறகு பிள்ளைகள் வீட்டு மொழியில் ஒருவருக்கொருவர் கதையைச் சொல்லிக்கொள்ளலாம். படுகு மொழியிலோ இந்தியிலோ பேசினால் குடி முழுகிப்போகாது. விஷயம் புரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் பின்னாலேயே வரும். பிறகு ஒரு குழு, வாக்கியப் பட்டைகளை வரிசைப்படுத்தி உரக்க வாசிக்கும். ஒரு குழு கேள்விக்குப் பதில் எழுதும். மூன்றாவது குழு, பத்தியில் பதில் இல்லாத இரண்டு கேள்விகளை எழுதும். இதுதான் மூன்றிலும் கடினமான வேலை. ஜார்க்கண்ட் பையன் பட்டைகளோடு இருப்பான், ஆனால் கேள்வியை வாயால் சொல்வான், பக்கத்துப் பிள்ளை எழுதிக்கொடுக்கும்.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். கேரட், முட்டைக்கோஸ், பஸ் என்று தெரிந்த பொருள்களின் படத்தில் ஆரம்பித்து, ஒரு பக்கம் சொல், ஒரு பக்கம் வாக்கியம், ஒரு பக்கம் இரண்டு பேர் பேசும் கடைப் பேச்சு.

நடத்தும்போது கவனிக்க

முதலில் தானே வேலை செய்யக்கூடிய குழுவைத் தொடங்கிவிட்டு, உதவி தேவைப்படும் குழுவோடு உட்காருங்கள். ஆனால் தினமும் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது பீரோ பக்கத்துக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் டீச்சர் வேண்டும்.

பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது சுவரில் தாழ்வாகப் பூசிய கரும்பலகை இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தால், நின்ற இடத்திலிருந்தே எல்லார் வேலையும் தெரியும். அந்தக் காலத்து அட்டைகள் பீரோவில் தூங்கினால் தூசி தட்டி எடுங்கள், வரிசைப்படுத்தும் வேலைக்கு ஆகும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலத்தில் முதல் பாடவேளையில் எழுத்து வேலை வேண்டாம். விரல் விறைத்திருக்கும் பிள்ளையின் கையெழுத்தை வைத்து நிலை பார்த்தால் எல்லாரும் அரும்பாகத்தான் தெரிவார்கள். பாட்டு, வாய்க்கணக்கு, நடித்துக் காட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்கு. வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 'முடிச்சிட்டேன் டீச்சர்!' இதற்குப் பதிலாக அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கைக் கொடுக்காதீர்கள். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை என்று தெரிந்தால் அடுத்த முறை வேண்டுமென்றே மெதுவாகப் போடுவார்கள். எப்போதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவதும் சரியில்லை, அது நம் வேலை. என் மேசையில் ஒரு டப்பா இருக்கிறது. முடித்த பிள்ளை, விடை 29 வருகிற ஒரு கதைக் கணக்கை எழுதி அதில் போட வேண்டும். நாளைக்கு அது இன்னொரு பக்கத்துக்குப் போகும்.