இரவில் போன் பார்த்தால் கண் வலிக்கிறதா? திரை மினுக்கைச் சோதிக்கும் முறை

போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் கண் அதிகம் வலிக்கிறது என்றால், முதலில் திரை மினுக்கைச் சந்தேகியுங்கள். ஓ.எல்.இ.டி. (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகள் பல, வெளிச்சத்தைக் குறைக்க நொடிக்கு 240, 480 முறை என்று அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சிலருக்குத் தலை வலிக்கும், கண் கனக்கும்.

சோதிக்க இன்னொரு போன் வேண்டும். அதன் கேமராவில் புரோ மோடு (அளவுகளை நாமே மாற்றும் வசதி) திறந்து ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி என வையுங்கள். படம் இருட்டாக இருந்தால் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் அளவைக் கூட்டுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். உங்கள் போனில் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றிக் கேமரா வழியே பாருங்கள். மெல்லிய ஒற்றைக் கோடு ஓடினால் கவலையில்லை; திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கோடு அது. இனி மெல்ல இறக்குங்கள். அகலமான கருப்புப் பட்டைகள் வரிவரியாக விழத் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை.

அந்த எல்லைக்குக் கீழே வெளிச்சத்தை இறக்காதீர்கள். இருட்டில் கூசினால் ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள 'எக்ஸ்ட்ரா டிம்', ஐபோனில் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்' போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் படத்தைத்தான் மங்கலாக்கும், மினுக்கைக் கூட்டாது. 'டிசி டிம்மிங்' (அணைத்து எரிக்காமல், மின்னோட்டத்தைக் குறைத்தே வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் அதைப் போட்டு மறுபடி சோதியுங்கள். நிறம் சற்று மாறினாலும் பரவாயில்லை.

அறை விளக்கையும் இதே கேமராவில் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும்.

பட்டையே விழவில்லையா? அப்போது கண் வறட்சியா என்று பாருங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கண்ணை உலர்த்திவிடும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறைகிறது, அதுவும் அரை இமைப்பாகவே இருக்கிறது. ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே வரப்புப் பனைமரத்தை 20 நொடி பாருங்கள். இமைகளை முழுதாக மூடித் திறங்கள்.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதனால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 40 வயதைத் தாண்டியவர்கள் வெள்ளெழுத்துக்குக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கடும் வலி, இரட்டையாகத் தெரிதல் இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து மட்டும் வாங்கிவிடாதீர்கள், கண் அழுத்தத்தை அது ஏற்றிவிடக்கூடும்.