அரசாங்க கிளைமேட் ரிப்போர்ட்ல யாராவது கை வச்சிருக்காங்களான்னு பாக்குறது எப்படி

அமெரிக்க அரசு சைட்ல கிளைமேட் பத்தி படிக்கிறீங்கன்னா, லிங்க்கை வேபேக் மெஷின்ல (வெப் பக்கங்களோட பழைய காப்பியை சேமிச்சு வைக்கிற சைட்) போட்டு, ஆட்சி மாறுறதுக்கு முன்னாடி ஒரு தேதி பின்னாடி ஒரு தேதி எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. 2017 ஏப்ரல்ல இபிஏவோட (அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) கிளைமேட் பக்கத்தையே தூக்கினாங்க, 2025ல தேசிய கிளைமேட் மதிப்பீட்டு அறிக்கைங்க இருந்த சைட்டே போச்சு, அதனால முக்கியமான பிடிஎஃப்பை பாத்த அன்னைக்கே டவுன்லோட் பண்ணிடுங்க.

முழுசா தூக்கினா கண்ணுக்குத் தெரிஞ்சிடும், வார்த்தைய மாத்துறதுதான் ரொம்ப ஆபத்து. புஷ் ஆட்சில ஃபிலிப் கூனின்னு ஒரு வெள்ளை மாளிகை அதிகாரி, அதுக்கு முன்னாடி எண்ணெய் கம்பெனிங்க சங்கத்துக்கு லாபி பண்ணவரு, விஞ்ஞானியே கிடையாது, ஆனா விஞ்ஞானிங்க எழுதின ரிப்போர்ட்ல உறுதியா இருந்த வரியெல்லாம் சந்தேகமா மாத்தினாரு, 2005ல விஷயம் வெளிய வந்ததும் ராஜினாமா, அடுத்து எக்ஸான்மொபில்ல வேலை. எவ்ளோ அநியாயம் பாருங்க.

அதனால "நடக்கும்"னு இருந்தது புது வெர்ஷன்ல "நடக்கலாம்"னு ஆயிருக்கா, "நிச்சயமில்லை" புதுசா நுழைஞ்சிருக்கான்னு தேடுங்க. இருந்தா, அதே விஞ்ஞானிங்க ஜர்னல்ல போட்ட பேப்பரை எடுத்து ஒப்பிடுங்க, அங்க இல்லாத சந்தேகம் இங்க இருந்தா யார் எடிட் பண்ணாங்கன்னு அமெரிக்காவோட தகவல் உரிமைச் சட்டத்துல டிராஃப்ட்டை கேக்கலாம்.